பச்சைத்துண்டுக் குடும்பத்துப் பெண்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. 'பச்சைத்துண்டுக் குடும்பம்' என்று பேர். விழுப்புரத்தில் தேவசகாயம் என்கிறவர் தானே கதை எழுதி, தானே படம் போட்டு, தன் அச்சகத்திலேயே அடித்து விற்கிற சித்திரக்கதை. அட்டையில் சக்கரபாணியும் அவர் மகன் பச்சைமுத்துவும் ஒரு லாரியை ஆளுக்கொரு கையால் தூக்கிப் பிடித்திருப்பார்கள். முதல் புத்தகத்தில் தேவசகாயம் ஆசையாக முதுகில் அங்கியெல்லாம் பறக்கவிட்டிருந்தார். "இன்னாய்யா இது? போர்வைய கழுத்துல கட்டிக்கினு எவன்யா வேலைக்குப் போவான்?" என்று சக்கரபாணி அச்சகத்துக்கே போய்ச் சத்தம் போட்டதில் அங்கி போய்ப் பச்சைத் துண்டு வந்தது. கோலியனூரில் கழனி உழுகிற மனுஷன் தோளில் துண்டைத் தவிர வேறென்ன இருக்கும்?

வெளியூர்ப் பிள்ளைகள் அதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படித்தார்கள். விழுப்புரத்துக்காரர்களுக்குத் தெரியும், அதில் கட்டுக்கதை அந்த அங்கி மட்டும்தான் என்று.

பத்தொன்பதாம் புத்தகம் வரைக்கும் அட்டையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் கிருஷ்ணவேணி. சக்கரபாணிக்கு மூத்த பெண், பச்சைமுத்துவுக்கு அக்கா. இருபதாம் புத்தகத்தில், உள்ளே ஒரு மூலைக் கட்டத்தில், "கிருஷ்ணவேணிக்குத் திருமணமாகிவிட்டது" என்று ஒரு வரி. அதோடு சரி. செத்துப்போயிருந்தால்கூடத் தேவசகாயம் இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்.

அந்த வீட்டு வலுவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு வலு என்று கிடையாது. குடும்பத்துக்கே ஒரு வலுதான், பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு மாதிரி. தூக்க வேண்டியவர் "எனக்கு" என்று சொன்னால் வரும். ஒருவர் மட்டும் கேட்டால் மொத்தமும் அவருக்கு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேட்டால் பாதிப் பாதி. ஒருவர் பாரம் தூக்கும்போது பங்குள்ள மற்றவர்களுக்கு, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், தோளில் அந்தப் பாரம் தெரியும். பங்கே வேண்டாம் என்றால் "உனக்கு" என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிடலாம். விட்டுக்கொடுத்தவர் பிறகு எவ்வளவு கத்தினாலும் வராது. யாராவது திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பச்சைவாழியம்மன் முன்னால் நிற்கவைத்து அவளை "உனக்கு" என்று சொல்லவைப்பது அவர்கள் வழக்கம். பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது, வலுவில் மட்டும் எப்படிக் கொடுத்தனுப்புவார்கள்? மாப்பிள்ளை வீட்டிலும் அதைத்தான் விரும்பினார்கள். "எங்களுக்கு மருமவ வந்தா போதும், பயில்வான் வேணாம்" என்று மாமியார்க்காரி நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டாள். கிருஷ்ணவேணியும் அப்பாவைப் பார்த்து "உனக்கு" என்றாள். சக்கரபாணி அவள் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். மந்திரம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் தோள் வலி மட்டும் விடவில்லை. விழுப்புரத்தில் பச்சைமுத்து எதையாவது தூக்கினால் இங்கே அவளுக்குத் தோள் இற்றுப்போகும். பிடுங்கின பல் வலிக்கிற மாதிரி இது வெறும் பழக்கம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. "எனக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லிப் பார்க்கவும் இல்லை. கொடுத்ததைக் கேட்கிறவளா நான் என்கிற ரோஷம். அப்படியே நாலு வருஷம் போய்விட்டது.

எண்பத்தைந்தாம் வருஷத்துக் கார்த்திகையில் மழை பிடித்த பிடியை விடவில்லை. கிடங்கல் ஏரி வழிந்து, வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி அந்த மில்லில் பருப்புப் பொறுக்குகிறவள். புருஷன் கண்ணையன் அங்கேயே மிஷின் ஓட்டுகிறான். மூன்று வயது மகள் அம்சாவுக்கு வீடு, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம் அந்தக் கொட்டகையில் மலையாகக் குவிந்து கிடக்கும் மல்லாட்டைத் தோல்தான். ஏறுவாள், சறுக்குவாள், மறுபடி ஏறுவாள்.

அன்றைக்குக் காலையில் முறத்தைக் கையில் எடுத்ததுமே வலி வந்துவிட்டது. வழக்கமான வலி இல்லை. இரண்டு தோளிலும் யாரோ ஏறி நின்று மிதிக்கிற மாதிரி இருந்தது. முறம் கையிலிருந்து நழுவியது. அப்படி என்னத்தைத் தூக்குகிறான் இந்தப் பையன் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கொட்டகையின் பின்சுவர் ஊறிப்போய் உட்கார்ந்தது.

பொம்பளைகள் எல்லாரும் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சுவரோடு கூரையின் பெரிய உத்தரமும் ஓட்டோடு சேர்ந்து இறங்கிவிட்டது. தூசி அடங்கியபோது தோல் குவியல் இருந்த இடத்தில் செங்கல்லும் ஓடும் கிடந்தன. அதற்குள்ளிருந்து "ம்மா" என்று ஒரு குரல்.

கிருஷ்ணவேணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. தவழ்ந்து உள்ளே போனாள். உத்தரத்தின் ஒரு முனை உடைந்த சுவரில் தொற்றிக்கொண்டு நின்றதால் அடியில் ஒரு சந்து இருந்தது. சந்துக்குள் அம்சா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் காயமில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் உத்தரமும் தோலும் சேர்ந்து அவளைக் கவ்விக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்ததும் வீலென்று கத்தினாள். பின்னால் சுவர் இல்லாத பக்கமாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. அப்போதே அது குழந்தையின் வயிறு வரை வந்துவிட்டது.

கண்ணையனும் மில் மேஸ்திரி பெரியதம்பியும் நாலைந்து ஆட்களும் கடப்பாரையோடு வந்தார்கள். ஒரு நெம்பு நெம்பினதும் மேலே இருந்த செங்கல் பொலபொலவென்று குழந்தை பக்கமாகவே சரிந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கிருஷ்ணவேணி உள்ளேயிருந்து கத்தினாள். பக்கவாட்டில் நெம்பினால் மொத்தமும் குழந்தை மேல்தான் இறங்கும். அந்த உத்தரத்தை நேராக மேலே தூக்க வேண்டும். அதை அப்படித் தூக்க இருபது ஆள் வேண்டும், இருபது ஆள் நிற்க அங்கே இடமில்லை.

பெரியதம்பிக்குத்தான் அது தோன்றியது. "யம்மா, உன் தம்பிய வரச் சொல்லேம்மா! அந்தப் பச்சைத்துண்டு வந்தா ஒரு கையால தூக்கிடுவானே!"

"விழுப்புரத்துலேருந்து எப்ப வந்து சேருவான்?" என்று சொன்னாலும் கண்ணையன் மில் ஆபீசுக்கு ஓடினான். ஆபீஸ் ஜன்னல் கொட்டகையைப் பார்த்துத்தான் இருந்தது. உடனே இணைப்புக் கிடைக்கிற லைட்னிங் கால் கேட்டு அவன் எக்ஸ்சேஞ்சில் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது. தேவசகாயத்தின் அச்சகத்தில்தான் போன் உண்டு. அச்சகம் கோலியனூர் ரோட்டில், வாராவதிப் பாலத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. அவர் ஆள் அனுப்பிச் சொன்னால் பச்சைமுத்து ஏதாவது லாரியைப் பிடித்து வரலாம்.

தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அம்சா அழுகையை நிறுத்திவிட்டு, "தண்ணி சில்லுனு இருக்குதும்மா" என்றாள். கிருஷ்ணவேணி பக்கத்தில் மண்டியிட்டு அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். தோள் மட்டும் வெட்டிப் போட்ட மாதிரி வலித்துக்கொண்டே இருந்தது.

"வேணீ!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணையன் கத்தினான். "உன் தம்பி வர மாட்டான்! அந்த வாராவதியே உள்வாங்கிக்கிச்சாம். டவுன் பஸ்ஸு பாதி தொங்கிக்கினு இருக்குது. உள்ள ஜனம் அடைஞ்சி கெடக்குதாம். உன் தம்பி அடியில தண்ணிக்குள்ள நின்னுக்கினு முதுகுல தாங்கிக்கினு இருக்கான். உங்க நைனாவும் பக்கத்துல நிக்கிறாராம். தேவசகாயம் ஜன்னல்லேருந்து பாத்துக்கினே சொல்றாரு."

"ஜனம் எறங்குதா, கேளுங்க!"

"ஒவ்வொருத்தரா எறக்குறாங்களாம். கொழந்த மாட்டிக்கினு இருக்குதுன்னு நான் சொல்லிட்டேன். அவரு... ஹலோ? ஹலோ!" அவன் போனைத் தட்டுவது கேட்டது. பிறகு ரிசீவரை வைத்துவிட்டு மழையில் ஓடிவந்தான். "லைன் செத்துப்போச்சு."

சந்துக்குள் தலையை நுழைத்து மகளைப் பார்த்தான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"நீ கூப்பிடு வேணி."

"நான்தான் எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துட்டேனே. எனக்கு ஏது?"

"அப்புறம் இன்னாத்துக்குத் தோளப் புடிச்சிக்கினு உக்காந்திருக்க? நாலு வருசமா நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். உன் தம்பி புக்கு வருது, அதுல எந்தத் தேதியில இன்னா தூக்கினான்னு போட்டிருக்குது. அந்தத் தேதியிலல்லாம் நீ தைலம் பூசிக்கினு படுத்திருந்திருக்க. நான் கண்ணில்லாதவனா?"

இத்தனை நாள் தானே தன்னிடம் ஒத்துக்கொள்ளாத ஒன்றை இவன் போட்டு உடைத்துவிட்டான். பங்கு இருக்கிறவருக்குத்தான் பாரம் தெரியும். பழக்கமாவது மண்ணாவது. எப்படி வந்தது, யார் கொடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருக்கிறது.

இருந்தால்? அவள் இப்போது "எனக்கு" என்றால், அங்கே பச்சைமுத்துவிடமிருந்து பாதி பிடுங்கிக்கொண்டு வரும். பாதி வலுவில் ஒரு பஸ்ஸை அவன் எப்படித் தாங்குவான்? பஸ் அவன் மேல் இறங்கும், உள்ளே இருக்கிறவர்களும் தண்ணீருக்குள் போவார்கள்.

"பஸ்ஸுல ஜனம் இருக்குதுங்க" என்றாள்.

"இங்க நம்ம கொழந்த இருக்குதுடி!"

"கொஞ்சம் இருங்க. கெஞ்சிக் கேக்குறேன், கொஞ்சம் இருங்க. எறங்கட்டும்."

"எறங்கிட்டாங்கன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? போனு போச்சு!"

அவள் கண்ணை மூடித் தோளைக் கவனித்தாள். எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் பாரம் பகிர்ந்தவள். அப்பா நெல் மூட்டை தூக்கினால் எத்தனை மூட்டை என்று அடுப்படியிலிருந்தே சொல்லுவாள். இப்போதும் தெரிந்தது. அந்தப் பெரும் பாரத்திலிருந்து ஒரு சிறு பாரம் கழன்று போனது. ஒரு ஆள் இறங்கிவிட்டார். பிறகு இன்னொன்று. பிறகு லேசான ஒன்று, குழந்தையாயிருக்கும். யார் பெற்ற பிள்ளையோ, அது கரையேறியது தன் தோளிலேயே அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை. தன் குழந்தையின் கழுத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஒருவர் இறங்க ஏன் இத்தனை நேரம் ஆக்குகிறார்கள்? பையைத் தேடுகிறார்களா, செருப்பைத் தேடுகிறார்களா? "ஜல்தி எறங்குங்களேன், பாவிங்களா!" என்று வாய்விட்டே கத்தினாள். கண்ணையன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவன் இரண்டு கையாலும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தான். பெரியதம்பி கோணி மூட்டைகளைப் போட்டு உடைப்பை அடைக்கப் பார்த்தார். தண்ணீர் மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

பாரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் குறையவில்லை. மீதி வெறும் பஸ். ஆனால் அது இறங்கவும் இல்லை. அடியில் சேற்றில் நிற்கிறவன் பஸ்ஸைக் கீழே வைத்தால்தானே வெளியே வர முடியும், அதை வைக்க அங்கே இடம் ஏது? காலை எடுத்தால் சரியும். பச்சைமுத்து மாட்டிக்கொண்டான். அது அவளுக்குப் புரிந்தபோது அம்சாவின் மோவாயில் தண்ணீர் தொட்டது. குழந்தை தலையை அண்ணாந்து, மூக்கை மேலே வைத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்தது.

கிருஷ்ணவேணி உத்தரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

"எனக்கு" என்றாள்.

வந்தது. நாலு வருஷம் கேட்காமல் விட்ட வலு, கோபமே இல்லாமல், நேற்றுத்தான் பிரிந்த மாதிரி வந்து முதுகில் ஏறியது. உத்தரம் முனகிக்கொண்டு இரண்டு விரல் உயர்ந்தது. ஓடுகள் வெளிப்பக்கம் சரிந்தன. "வருது! வருது!" என்று கண்ணையன் குழந்தையின் கையைப் பிடித்தான். இன்னும் ஒரு சாண் உயர்ந்தால் போதும்.

அப்போது அவளுக்கு முழங்கால் மடிந்தது. அவள் கால் இல்லை, அவன் கால். மூக்கில் சேற்றுத் தண்ணீர் ஏறுகிற எரிச்சல். பஸ் தன் கழுத்தின் மேல் இறங்குகிறதை அவள் அப்படியே உணர்ந்தாள். தான் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. இவளுக்குக் கல்யாணமாகிப் போனபோது மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டு அழுதவன். யோசிக்க நேரமே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உனக்கு!"

இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறெந்தக் குடும்பமும் செய்ய முடியாது. ஏனென்றால் அதே நொடியில், அங்கே விழுப்புரத்தில், கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்த பச்சைமுத்துவும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். தேவசகாயம் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, அம்சா மாட்டிக்கொண்டதைக் கரையிலிருந்து கத்தியிருந்தார். பாதி வலு போனதுமே அக்காதான் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், தான் இருக்கிற இருப்பைப் பாராமல், "உனக்கு" என்று மிச்சத்தையும் கொடுத்துவிட்டான். இவள் அவனுக்குக் கொடுத்தாள், அவன் இவளுக்குக் கொடுத்தான், வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் இல்லை. சின்ன வயசில் தட்டில் கடைசி வடை மிஞ்சினால் இரண்டும் இப்படித்தான் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். நடுவில் சக்கரபாணி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

இங்கே கிருஷ்ணவேணிக்கு அது ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: உடம்பில் ஒன்றுமே இல்லை. உத்தரம் பழைய இடத்துக்கே உட்கார்ந்தது. அம்சா தண்ணீருக்கு அடியில் போனாள்.

"எனக்கு! எனக்கு! எனக்குடா!"

ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் கத்தினாள். பிறகு கத்துவதை விட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை விட்டு, குழந்தையின் வாயோடு வாய் வைத்து ஊதினாள். எழுந்து மூச்சை எடுத்து மறுபடி ஊதினாள். குழந்தையின் விரல்கள் அவள் தலைமுடியைப் பிடித்திருந்தன. பிடி இறுகியிருந்தவரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஊதினாள். பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக முடியிலிருந்து கழன்றன.

அந்த நேரத்தில்தான் அது வந்து விழுந்தது.

பாதி இல்லை. இதுவரை அவள் அறிந்த எதுவும் இல்லை. மொத்தமும். அந்த வீட்டின் மூன்று பங்கும் ஒரே ஆள் உடம்பில் வந்து இறங்கியது. தண்ணீருக்குள் மண்டியிட்டிருந்தவள் அப்படியே எழுந்து நின்றாள். உத்தரம், ஓடு, செங்கல், பாதிச் சுவர் எல்லாம் அவள் முதுகோடு எழுந்தன. முதுகை ஒரு உதறு உதறினாள். அத்தனையும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பெரியதம்பியும் ஆட்களும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கண்ணையன் அம்சாவைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினான். தட்டினான், தட்டினான். முகம் நீலமாக இருந்தது. பிறகு ஒரு இருமல். வாயிலிருந்து தண்ணீரும் மல்லாட்டைத் தோலும் வந்தன. பிறகு அழுகை. அப்படி ஒரு அழுகையைக் கேட்க அங்கிருந்த அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

கிருஷ்ணவேணி மட்டும் அழவில்லை. அவள் தோளில் வலியே இல்லை. மொத்தமும் தன்னிடம் வந்துவிட்டது என்றால், அங்கே பஸ்ஸுக்கு அடியில் நின்றவனிடம் ஒன்றும் இல்லை. "என் தம்பி செத்துட்டாங்க" என்று கண்ணையனிடம் சொன்னாள். "என்னை விழுப்புரத்துக்கு இட்டுக்கினு போங்க."

அவர்கள் ஒரு லாரியைப் பிடித்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வாசலில் கோலியனூர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேறு பூசின ஒருவன் ஓடிவந்தான். பச்சைமுத்து. அவள் அவன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் அம்சாவை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான்.

"நைனா" என்றான். மீதியைத் தேவசகாயம்தான் சொன்னார். பஸ் பச்சைமுத்து மேல் இறங்கியபோது பக்கத்தில் நின்ற சக்கரபாணி திடீரென்று குனிந்து ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டார். மறுகையால் மகனைக் கழுத்தோடு பிடித்துக் கரையில் எறிந்தார். பிறகு அவரும் வெளியே வரப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரவில்லை. வடக்கே பார்த்து நின்று, மகள் பேரைச் சொல்லி, ஊரே கேட்க "உனக்கு" என்றார். பஸ் அவர் இரண்டு காலின் மேலும் உட்கார்ந்தது.

வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். வண்டி வாசலில் மழையில் நின்றது. பஸ் ஜனங்களில் அடிபட்டவர்களுக்கே ஸ்ட்ரெச்சர் போதவில்லை.

"கொழந்த?" என்றார் சக்கரபாணி.

"நல்லா இருக்குது." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதை நாலு வருஷம் கேட்காமல் இருந்தாயிற்று, இனியும் முடியாது. "நைனா, நான் அம்மன் முன்னாடி குடுத்தேனே. எனக்கு எப்பிடி இருந்திச்சு?"

"நீ குடுத்த. மஞ்சத்தண்ணி தெளிச்சப்ப நான் திருப்பிக் குடுத்துட்டேன். என் பங்கையும் சேத்துத்தான்."

அட்டையில் லாரி தூக்கின மனுஷனுக்கு நாலு வருஷமாக ஒன்றுமே இல்லை. மகன் தூக்குகிற எல்லாவற்றிலும் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பாரம் மட்டும் இவள் தோளுக்குப் போயிருக்கிறது. இன்று காலையில் பிள்ளைகள் இரண்டும் ஒரே நொடியில் விட்டதுதான், வாங்க ஆளில்லாமல், அவரிடம் போய் விழுந்திருக்கிறது. அவளுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"குடுத்தவரு சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு வலிக்குது வலிக்குதுன்னு தைலம் பூசிக்கினு கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கும் உண்டுன்னு தெரிஞ்சிருக்குமே! இன்னிக்கு இப்பிடி ஆயிருக்காதே!"

"சொல்லியிருந்தா" என்றார் சக்கரபாணி, மூச்சு வாங்கிக்கொண்டு, "திருப்பிக் குடுத்திருப்ப."

உண்மைதான். அன்றே, அந்த அம்மன் முன்னாலேயே, வேண்டாம் நைனா, தம்பிக்கே இருக்கட்டும் என்று கொடுத்திருப்பாள். இன்றைக்குக் காலையில்கூடக் குழந்தை தண்ணீருக்குள் இருக்கும்போது கொடுத்தாளே. அவளை அவர் சரியாகத்தான் அளந்திருக்கிறார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

டிரைவர் வந்து, "நேரம் ஆவுது, ஏத்துங்க" என்றான். மூன்று நாலு ஆண்கள் முன்னால் வந்தார்கள். பாயோடு தூக்கினால் கால் ஆடும், ஆடினால் ரத்தம் போகும் என்று நர்ஸம்மா தடுத்தாள். பச்சைமுத்து அக்கா பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, குடு. நான் ஆடாம தூக்கி வச்சிடறேன். இத்தினி பேரு பாக்குறாங்க, நீ பொம்பள... எதுக்குப் பேஜாரு. அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை. ஆசைப்பட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான் பேசிப் பழக்கம். அவளுக்கும் கொடுத்துப் பழக்கம். வாய் அந்த வார்த்தைக்குத் திறந்தேவிட்டது. பாயில் கிடந்தவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"உன் பங்கு உனக்கு வரும்டா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வீட்டுக்குப் போயி, உக்காந்து, பேசித் தர்றேன். என் பங்கு என்கிட்டதான் இருக்கும். இப்ப நவுரு."

பச்சைமுத்து நகர்ந்தான். கோலியனூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையை அப்பாவின் முதுகுக்கு அடியிலும் ஒரு கையை அந்தத் துணி சுற்றின கால்களுக்கு அடியிலும் கொடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் தளும்பாமல் குடத்தைத் தூக்குவது போலத் தூக்கினாள். வராந்தாவைத் தாண்டி மழையில் இறங்கினாள்.

சக்கரபாணி கனக்கவே இல்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவரைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தபடியே அவள் வாய்விட்டு அழுதாள்.